வீங்கிய காலைத் தேய்க்காதீர்கள்: பக்கவாதமும் கட்டிலருகே ஸ்கேனும்

(ஜீயபுரத்தில் நமது அறக்கட்டளை நடத்திய குடும்ப நல விளக்கக் கூட்டத்தில், திருச்சியில் பணியாற்றும் பொது மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. அவரது விருப்பப்படி பெயர் வெளியிடப்படவில்லை.)

 

மஃரிப் தொழுதுவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இஷா பாங்குக்குள் முடித்துவிடுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

சென்ற மாதம் அறக்கட்டளைச் செயலாளர் பாய் எனக்குப் போன் செய்தார். "டாக்டர், நம்ம பக்கத்துல பக்கவாதம் வந்து படுத்தவங்க நிறையப் பேர் இருக்காங்க. வெளிநாட்டுல இருக்கிற நம்ம பிள்ளைங்க ஒரு தொகை அனுப்பியிருக்காங்க. செல்போன்ல மாட்டிப் பார்க்கிற சின்ன ஸ்கேன் மெஷின் வந்திருக்காமே, படுத்த படுக்கையிலயே வச்சுப் பார்க்கலாமாமே. அதை வாங்கி நம்ம ஆம்புலன்ஸ்ல வச்சா என்ன?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாத கேள்வி. "கூட்டத்துலயே வந்து சொல்றேன் பாய்" என்றேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்த சமயம். என் பெரியத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு நன்றாக இருந்தது. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உயிர் தப்பியதே பெரிய விஷயம் என்று எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். வீட்டில் ஆளாளுக்குத் தைலம் வாங்கி வந்தார்கள். காலையும் மாலையும் கை கால்களைத் தேய்த்துவிடுவோம்.

பதினோராம் நாள் இடது கெண்டைக்கால் லேசாக வீங்கியது. தொட்டால் சூடாக இருந்தது. "பாருங்க, ரத்த ஓட்டம் வந்துருச்சு" என்று வீட்டில் ஒரே சந்தோஷம். இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தோம். லீவில் வந்திருந்த நானும் தேய்த்தேன். பதினான்காம் நாள், சுபுஹு நேரம். கட்டிலில் எழுப்பி உட்கார வைத்தோம். 'மூச்சு முட்டுது' என்றார். கலிமா சொல்லிக் கொடுக்கத்தான் நேரம் இருந்தது.

பிரேதப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. அதனால் காரணம் இதுதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று வருடம் கழித்து நானே வார்டில் நின்று பாடம் படித்தபோது, அசையாத கால், திடீர் வீக்கம், சூடு, பிறகு மூச்சுத் திணறல் என்று ஆசிரியர் வரிசையாகச் சொல்லச் சொல்ல, எனக்கு வியர்த்துவிட்டது. காலின் ஆழ்ந்த ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகி, அது பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்திருக்க வேண்டும். அன்றைக்கு யாராவது ஒருவர் அந்தக் காலில் ஒரு ஸ்கேன் கருவியை இரண்டு நிமிடம் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இந்த ஊருக்குள் இன்றைக்கும் அதே தைலம், அதே சந்தோஷம் இருக்கிறது. அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

முதல் மணி நேரங்களில் வேண்டியது வேறு ஸ்கேன்

பக்கவாதம் மூளையில் வரும் நோய். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒரு வகை. குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொரு வகை. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு அடைப்புதான். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வாய் கோணும், கை விழும், பேச்சு குழறும். ஆனால் வைத்தியம் நேர் எதிர். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவோம். கசிவு இருக்கும்போது அதே ஊசியைப் போட்டால் உயிர் போய்விடும்.

எது என்று பிரித்துச் சொல்வது தலைக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேன். அல்ட்ராசவுண்டால் அதை நம்பிச் சொல்ல முடியாது. காரணம் எளிது. அல்ட்ராசவுண்ட் என்பது ஒலி. நம் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். இந்தக் கருவி அதைவிட நூறு மடங்குக்கும் மேலான அதிர்வில் ஒலியை உடம்புக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. சதை, தண்ணீர், ரத்தம் ஆகியவற்றில் ஒலி நன்றாகப் போகும். கெட்டி எலும்பில் போகாது. மண்டை ஓடு அதை மறித்துவிடும்.

ஒரு வரலாறு சொல்கிறேன். ஆஸ்திரியா நாட்டு மருத்துவர் கார்ல் டுசிக், 1942ல் அல்ட்ராசவுண்டை நோய் கண்டறியப் பயன்படுத்திப் பார்த்தார். அவர் முதலில் பார்க்க முயன்றதே மூளையைத்தான். படங்கள் வந்தன. ஆனால் அந்தப் படங்களில் தெரிந்தது பெரும்பாலும் மண்டை ஓட்டின் எதிரொலிதான், மூளை அல்ல என்று பிறகு தெரிந்தது. 1953ல் ஸ்வீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர் அதே ஒலியை இதயத்தின் மீது வைத்தார்கள். நாம் இன்று 'எக்கோ' என்று சொல்கிறோமே, அது அங்கே பிறந்தது. 1958ல் கிளாஸ்கோ நகரின் இயன் டொனால்டு வயிற்றையும் கருவையும் பார்த்துக் காட்டினார். மூளைக்கு ஒலி திரும்பி வர 1982 ஆயிற்று. காதுக்கு முன்னால், நெற்றிப் பொட்டில் எலும்பு மெலிந்திருக்கும். அந்த ஜன்னல் வழியாக மூளையின் பெரிய குழாய்களில் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கலாம் என்று நார்வே நாட்டு ரூனே ஆஸ்லிட் காட்டினார். நல்ல கருவிதான். ஆனால் வயதானவர்களில், குறிப்பாகப் பெண்களில், பலருக்கு அந்த ஜன்னல் எலும்பும் கெட்டியாகியிருக்கும். ஒன்றும் தெரியாது.

எனவே முதல் பதில்: பக்கவாதம் வந்த அந்த நேரத்தில் நமக்கு வேண்டியது சி.டி. உள்ள மருத்துவமனை. ஆம்புலன்ஸில் கையடக்க ஸ்கேன் வைத்துக்கொண்டு நெஞ்சிலும் கழுத்திலும் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த நிமிடங்கள் மூளையிலிருந்து கழிகின்றன. பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006ல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. பெரிய குழாயில் அடைப்பு இருந்தால், கம்பி விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை செய்யலாம். அதிலும் சீக்கிரம் போனவர்களுக்கே பலன் அதிகம்.

கெடு எப்போது தொடங்குகிறது? நாம் பார்த்த நேரத்திலிருந்து என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. இங்கே நம் தொழுகை நேரம் பெரிய உதவி. 'அஸர் ஜமாஅத்தில் என் பக்கத்தில் நின்றார், மஃரிபுக்கு வரவில்லை' என்று ஒருவர் சொன்னால் எங்களுக்கு அதுவே கடிகாரம். ஒரு பெரியவரை சுபுஹுக்கு எழுப்பும்போது கை வரவில்லை. வீட்டில் எல்லோரும் "நேத்து இஷா தொழுதுட்டுப் படுத்தாரு, நல்லாத்தான் இருந்தாரு" என்றார்கள். அப்படியானால் கெடு தாண்டிவிட்டது. அப்போது பேரன் சொன்னான்: "இல்ல டாக்டர், நாலு மணிக்கு தஹஜ்ஜுதுக்கு எழுந்தாரு. நான்தான் ஒளுவுக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்தேன். நல்லாப் பேசினாரு." அந்த ஒரு வார்த்தையால் ஊசி போட முடிந்தது.

ஜீயபுரத்திலிருந்து திருச்சிக்கு சுமார் 15 கிலோமீட்டர். கரூர் ரோட்டில் குடமுருட்டிப் பாலம் தாண்டும்வரை போக்குவரத்து எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இதற்கு நடுவில் பக்கத்து கிளினிக்கில் ஒரு டிரிப், தெரிந்தவரிடம் ஓர் ஆலோசனை, புறா ரத்தம் தேய்க்க ஓர் இடம் என்று போனால் நாலரை மணி நேரம் எங்கே இருக்கிறது? வாய் கோணல், கை விழுதல், பேச்சுக் குழறல், திடீர்த் தள்ளாட்டம், திடீரெனப் பார்வை மங்குதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள். சி.டி. உள்ள மருத்துவமனைக்கே போங்கள். புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை நமக்குத் தெரிந்த இடம். போகும் வழியில் வாய்க்குள் எதுவும் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் வேண்டாம். நாக்குக்கு அடியில் பி.பி. மாத்திரையும் வேண்டாம்.

கட்டிலருகே ஸ்கேன் எப்போது கைகொடுக்கிறது

முதல் நாள் தாண்டிய பிறகு வேறு ஆபத்துகள் தொடங்குகின்றன. பக்கவாதம் வந்த பலரைக் கொண்டுபோவது பிறகு வரும் நாட்களில் உடம்பின் மற்ற பாகங்களில் சேரும் கோளாறுகள். அங்கேதான் செயலாளர் பாய் கேட்ட அந்தச் சின்னக் கருவிக்கு வேலை. நோயாளியைத் தூக்க வேண்டாம், வேறு கட்டடத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டாம். கதிர்வீச்சு கிடையாது. எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். தடவுகிற ஜெல்லி தண்ணீரில் செய்தது, துடைத்தால் போய்விடும்.

முதலில் கால். தொடை இடுக்கிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கருவியை வைத்து மெல்ல அழுத்துவோம். ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாய் மெத்தென்று இருக்கும். அழுத்தினால் ஈரத்துணிபோல ஒட்டிக்கொள்ளும். உள்ளே கட்டி இருந்தால் அமுங்காது. அவ்வளவுதான் சோதனை.

இந்தக் கட்டி எத்தனை பேருக்கு வருகிறது? பிரிட்டனில் 94 மருத்துவமனைகளில், எழுந்து நடக்க முடியாத 2,876 பக்கவாத நோயாளிகளைச் சேர்த்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2013ல் முடிவு வந்தது. அவர்களின் கால்களை ஸ்கேன் வைத்தே கண்காணித்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில், ஒரு மாதத்துக்குள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு முழங்கால் அல்லது தொடைக் குழாயில் கட்டி இருந்தது. காலில் ஓர் உறை மாட்டி, மெஷினால் காற்றை ஏற்றி இறக்கி அமுக்கிவிட்டவர்களில் அது எட்டரையாகக் குறைந்தது. இதே குழுவினர் 2009ல் வெளியிட்ட முந்தைய ஆய்வில், கடையில் விற்கும் நீளமான இறுக்கு சாக்ஸ் பக்கவாத நோயாளிகளுக்குப் பலன் தரவில்லை, தோலைத்தான் புண்ணாக்கியது என்று தெரிந்தது. எனவே டாக்டர் சொல்லாமல் அதை வாங்கி மாட்டிவிடாதீர்கள்.

கட்டி இருப்பது தெரிந்தால் வைத்தியம் உண்டு. தலையில் அடைப்பா கசிவா என்பதைப் பொறுத்து, எந்த மருந்தை எப்போது தொடங்கலாம் என்று மருத்துவர் முடிவு செய்வார்.

அடுத்தது நுரையீரல். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் சக்தி பாதிக்கப்பட்டிருக்கும். பார்த்தால் தெரியாது. ஒரு மடக்குத் தண்ணீர் உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இரண்டு நாளில் நிமோனியா. மார்பில் கருவியை வைத்து, நுரையீரலில் சளி கெட்டித்திருக்கிறதா, சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்று கட்டிலிலேயே பார்த்துவிடலாம்.

ஆனால் இதில் கருவியைவிடப் பெரிய வேலை உங்கள் கையில் இருக்கிறது. வருத்தப்படாமல் கேளுங்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் அன்பினால் ஜம்ஜம் தண்ணீரும் தேனும் கொண்டுவந்து வாயில் ஊற்றுகிறார்கள். நிய்யத் நல்லது. ஆனால் விழுங்கும் சோதனை செய்து சரி என்று சொல்லும்வரை ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. நர்ஸைக் கேட்டுக்கொண்டு, நனைத்த துணியால் உதட்டைத் துடைத்துவிடுங்கள், போதும். ஆஸ்திரேலியாவில் 19 மருத்துவமனைகளில் நர்ஸ்கள் காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றை மட்டும் ஒழுங்காகக் கவனிக்கும் முறையைக் கொண்டுவந்து சோதித்தார்கள். 2011ல் வெளியான அந்த ஆய்வில், மூன்று மாதத்தில் இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடந்தவர்களும் சேர்த்து, அந்த முறை இல்லாத இடங்களில் நூற்றுக்கு 58 பேர். முறை இருந்த இடங்களில் 42 பேர். எந்த விலையுயர்ந்த மெஷினும் இல்லாமல் கிடைத்த பலன் இது.

மூன்றாவது இதயம். ஒரு கட்டி மூளைக்கு எங்கிருந்து வந்தது? பலருக்கு இதயத்திலிருந்து. துடிப்பு தாறுமாறாகிவிட்டால் மேலறையில் ரத்தம் தேங்கி உறையும். இப்படித் துடிப்பு கெட்டவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. சிறு வயதில் தொண்டைப் புண்ணும் மூட்டுவலிக் காய்ச்சலும் வந்து, கவனிக்காமல் விட்டதால் இதய வால்வு சுருங்கிப்போனவர்கள். முப்பது, நாற்பது வயதுப் பெண்ணுக்குப் பக்கவாதம் என்றால் நாங்கள் உடனே எக்கோ பார்ப்பது இதற்காகத்தான்.

இதைக் கண்டுபிடிப்பது மாத்திரையையே மாற்றும். ரத்தம் உறையாமல் தடுக்கப் புது மாத்திரைகள் வந்திருக்கின்றன. அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவையில்லை என்பதால் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். ஆனால் இந்த வால்வு நோயும் துடிப்புக் கோளாறும் சேர்ந்து இருப்பவர்களைப் பல நாடுகளில் சேர்த்துச் செய்த 'இன்விக்டஸ்' ஆய்வு 2022ல் வெளிவந்தது. அதை நடத்தியவர்களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கணேசன் கார்த்திகேயனும் ஒருவர். புது மாத்திரை சாப்பிட்டவர்களைவிடப் பழைய வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் இறப்பு குறைவு என்பது அதன் முடிவு. எனவே எக்கோ பார்க்காமல், பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள். கட்டிலருகே பார்க்கும் எக்கோவில் எல்லாமே தெரிந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலறையின் மூலையில் ஒளிந்திருக்கும் கட்டிக்கு, தொண்டை வழியாக விடும் எக்கோ தேவைப்படலாம்.

நான்காவது கழுத்து. மூளைக்குப் போகும் பெரிய குழாய்கள் கழுத்தின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. டாப்ளர் வைத்தால் கொழுப்பு படிந்து எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று தெரியும். நூற்றுக்கு எழுபதுக்கு மேல் சுருங்கி, அதே பக்கத்து மூளையில் பாதிப்பும் வந்திருந்தால், சுத்தம் செய்யும் ஆபரேஷன் அடுத்த பக்கவாதத்தைத் தடுக்கும் என்று 1991லேயே நிறுவிவிட்டார்கள். ஆனால் அது முதல் இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் அதிகப் பலன். கை கால் தானாகச் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் கோட்டை விடுவது இதைத்தான். பத்து நிமிடம் வாய் கோணி நேரானாலும் அது எச்சரிக்கை. அன்றைக்கே போய்ப் பாருங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். பேச முடியாத நோயாளி இரவெல்லாம் அமைதியில்லாமல் புரண்டால், 'புத்தி பேதலித்துவிட்டது' என்று நினைக்கிறோம். அடிவயிற்றில் கருவியை வைத்தால் சிறுநீர்ப்பை நிரம்பித் தெறித்துக்கொண்டிருக்கும். வெளியேற்றினால் அமைதியாகத் தூங்குவார். அதுபோல, மூடிய இமையின் மேல் மெதுவாக வைத்துக் கண் நரம்பின் உறை தடித்திருக்கிறதா என்று பார்த்து, மூளைக்குள் அழுத்தம் ஏறுகிறதா என ஊகிக்கலாம். அது ஊகம்தான். சந்தேகம் வந்தால் மறுபடி சி.டி.

தாய்மார்களுக்காக ஒரு வார்த்தை

காலில் கட்டி பார்க்கத் தொடை இடுக்கிலும், எக்கோ பார்க்க மார்புக்குக் கீழேயும் கருவியை வைக்க வேண்டும். ஒரு தாயாருக்கு மூன்றாம் நாள் கால் ஸ்கேன் வேண்டும் என்றோம். பணியில் இருந்தது ஆண் மருத்துவர். மகள்கள் "வேணாம், விட்ருங்க" என்று சொல்லிவிட்டார்கள். அவர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது. என் அம்மாவாக இருந்தாலும் அவர்கள் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கேட்டு வாங்கக்கூடிய ஏற்பாடுகள் இருக்கின்றன. திரை போடச் சொல்லுங்கள். பெண் மருத்துவர் இருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் பெண் நர்ஸும் மகளும் பக்கத்தில் நிற்க, தேவையான இடம் தவிர மற்றதைப் போர்த்திக்கொண்டு பார்க்கலாம். சிகிச்சைக்கு அவசியமான அளவுக்கு இடம் இருக்கிறதா என்று, இங்கே இருக்கும் நம் இமாம் ஹஜ்ரத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். அன்று மாலை ஒரு பெண் மருத்துவர் வந்து பார்த்தார். தொடைக் குழாயில் கட்டி இருந்தது. மருந்து தொடங்கினோம். அந்தத் தாயார் இன்று கைத்தடி பிடித்து வாசல்வரை நடக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

மெஷின் வாங்கலாமா?

இப்போது செயலாளர் பாயின் கேள்விக்கு வருகிறேன். வாங்கி ஆம்புலன்ஸில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று காரணம்.

ஒன்று, சட்டம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994ல் சட்டம் வந்தது. பெண் குழந்தைகளைக் கருவிலேயே அழித்த கொடுமையால் வந்த சட்டம். அதை நாம் மதிக்கத்தான் வேண்டும். அதன்படி, எந்த அல்ட்ராசவுண்ட் கருவியும் பதிவு பெற்ற இடத்தில்தான் இருக்க வேண்டும். பதிவு இல்லாதவர்களுக்கு விற்பதே குற்றம். கையில் தூக்கிச் செல்லும் கருவிக்கு 2012ல் தனி விதி போட்டார்கள். பதிவு பெற்ற மருத்துவமனைக்குள் உள்நோயாளிகளுக்கோ, பதிவு பெற்ற நடமாடும் மருத்துவ ஊர்தியின் பகுதியாகவோ மட்டுமே பயன்படுத்தலாம். வீடு வீடாக எடுத்துப் போக முடியாது. நல்ல எண்ணத்தோடு வாங்கினாலும் வழக்கில் மாட்டுவது அறக்கட்டளைதான்.

இரண்டு, கை. கருவி தானாகப் பேசாது. பயிற்சி பெற்ற மருத்துவர் கையில்தான் அது கண்ணாகும். பயிற்சி இல்லாதவர் 'ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட்டால், அது பார்க்காமல் இருப்பதைவிட ஆபத்து.

மூன்று, முன்னே சொன்னதுதான். முதல் மணி நேரத்தில் அதனால் பயன் இல்லை.

அப்படியானால் அந்தப் பணத்தை என்ன செய்வது? என் யோசனை இது. நள்ளிரவிலும் சி.டி. எடுத்து, கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் மருத்துவமனைகள் எவை என்று அறக்கட்டளையே நேரில் விசாரித்து, போன் எண்ணோடு ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் ஒட்டுங்கள். அந்த முதல் இரவில் வண்டிக்கும் ஸ்கேனுக்கும் பணம் இல்லை என்று யாரும் தயங்கி நிற்காதபடி ஒரு அவசர நிதி வையுங்கள். காற்றுப் படுக்கை, சக்கர நாற்காலி, வாக்கர் வாங்கி இரவல் கொடுங்கள். மாதம் ஒரு நாள் பி.பி., சர்க்கரை பாருங்கள். இந்தியா உட்பட 22 நாடுகளில் நடந்து 2010ல் வெளியான 'இன்டர்ஸ்ட்ரோக்' ஆய்வில், பக்கவாதத்துக்குத் தலையான காரணம் ரத்தக் கொதிப்புதான் என்று வந்தது. கொதிப்பு மாத்திரையை ரமளானில் தாமாக நிறுத்திவிடுகிறவர்கள் நம்மில் நிறைய. ஷஃபானிலேயே டாக்டரிடம் போய், ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ற மாதிரி நேரம் மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. கொதிப்பு, சர்க்கரை மாத்திரையும், படுத்திருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைச் சேருங்கள்.

வீட்டுக்குப் போகும் முன் கேளுங்கள்

நம் வீட்டு நோயாளி மருத்துவமனையில் இருந்தால், டிஸ்சார்ஜுக்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். 'காலில் கட்டி இருக்கிறதா என்று பார்த்தீர்களா? எக்கோ எடுத்தாயிற்றா? கழுத்து டாப்ளர் தேவையா? விழுங்கும் சோதனை முடிந்ததா?' பணிவோடு கேட்டால் எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். எல்லோருக்கும் எல்லாம் தேவைப்படாது. 'உங்களுக்கு இது வேண்டாம், காரணம் இது' என்று அவர் சொன்னாலும் அது நல்ல பதில்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு, காலையில் துணி மாற்றும்போது இரண்டு கெண்டைக்காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கால் மட்டும் பருத்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, வலிக்கிறது என்கிறாரா? இருந்தால் தைலத்தை மூடி வையுங்கள். அந்தக் காலைத் தேய்க்காதீர்கள், நீவாதீர்கள், உருவாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கால் ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள். திடீர் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே 108. வீக்கம் இல்லாத கை கால்களைப் பிசியோதெரபி செய்பவர் கற்றுக்கொடுத்தபடி மடக்கி நீட்டுங்கள். அது நல்லது, தேவையானதும்கூட.

எங்கள் பெரியத்தாவின் காலைத் தேய்த்த யாரும் அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. எல்லோருமே அன்பினால் செய்தோம். அந்த அன்போடு இந்த ஒரு விவரமும் எங்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். எங்களுக்குத் தெரியாமல் போனது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். இங்கே வராதவர்களுக்கும் போய்ச் சொல்லுங்கள்.

நோயுற்றிருக்கும் எல்லோருக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைக் கவனித்துக்கொண்டிருக்கும் கைகளுக்கு வலுவைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.